யாருக்கு நன்றி சொல்வது

பாய் தொழும்போது அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். நான் பாய், அண்ணன் என்று கூப்பிட்ட அந்த இரண்டு நோயாளிகளையும் நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். அடுத்தடுத்து இரண்டு சாய்வு நாற்காலிகள், நடுவில் ஒரு ரிமோட். பாயின் இடது கையில் ஊசிகள் ஏறியிருக்கும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. மாலை அஸர் தொழுகை நேரத்துக்கு அவருடைய கைப்பேசி மெல்ல ஒலிக்கும். கண்ணை மூடி, உட்கார்ந்தபடியே, தலையை மட்டும் தாழ்த்தி நிமிர்த்தி அவர் தொழுவார். அதுவரை கடவுள் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்த அண்ணன் ரிமோட்டை எடுப்பார். திரையில் ஆட்கள் சத்தமில்லாமல் வாயசைப்பார்கள். பாய் கண்ணைத் திறந்ததும் சத்தத்தைக் கூட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

நான் சிங்கப்பூரின் தெம்பனிஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. பொங்கோலிலிருந்து பஸ் ஏறி வருகிறேன். ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஊசி குத்துவதும் இரத்த அழுத்தம் பார்ப்பதும் எடை குறிப்பதும் கை தானாகச் செய்கிற வேலைகளாகிவிட்டன. இந்த வேலையில் குணமானார் என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது கிடையாது. வாரத்துக்கு மூன்று நாள் வந்துகொண்டேயிருப்பார்கள். பிறகு ஒரு நாள் வர மாட்டார்கள். அந்த நாற்காலியைத் துடைத்து அடுத்தவருக்குத் தயார் செய்வோம். ஆரம்பத்தில் கழிப்பறைக்குள் போய் அழுதிருக்கிறேன். இப்போது துடைக்கிறேன், அவ்வளவுதான்.

பாய்க்கு, இந்தியர் கடைகள் நிறைந்த தேக்காவில் மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. அவருடைய தாத்தா காலத்திலேயே நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்ற பிறகு கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு, மற்ற நாள்களில் மட்டும் போய் உட்கார்ந்திருப்பார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அப்பா துறைமுகத் தொழிலாளி, அந்தக் காலத்துப் பகுத்தறிவுக்காரர். வீட்டில் சாமி படம் மாட்டியதே இல்லையாம். இருவருமே ஐம்பதுகளில் இருந்தவர்கள், பாய் இரண்டொரு வயது மூத்தவர். வாதம் தொடங்கியது யாரால் என்று எனக்குத் தெரியாது. இரவு ஷிஃப்டிலிருந்து பகல் ஷிஃப்டுக்கு நான் மாறி வந்தபோதே அது நடந்துகொண்டிருந்தது.

லிஃப்ட் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், தேங்காய் உடைத்தால் ஓடாது என்பது அண்ணனின் கட்சி. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இல்லை என்று கண்ணாடிக் கடைக்காரனிடமே சொல்கிறீர்களா என்று பாய் கேட்பார். கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறது, கடவுளைப் பார்க்க எந்த பவர் போட வேண்டும் என்று அண்ணன் திருப்பிக் கேட்பார். எதிரே இருந்த சீனப் பாட்டிக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ஆனாலும் யார் ஜெயித்தார் என்று என்னிடம் சாடையில் கேட்பார். நான் கையை விரிப்பேன். நாலு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டியவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

என்னையும் இழுப்பார்கள். நான் மாதத்தில் ஒரு முறை கேலாங்கில் சிவன் கோயிலுக்குப் போகிறவள். நம்பிக்கையால் போகிறேனா, பழக்கத்தால் போகிறேனா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஜெபமாலை உருட்டியவர்கள், திருநீறு பூசியவர்கள், ஒன்றுமே செய்யாதவர்கள் என்று எத்தனையோ பேரை அந்த நாற்காலிகளில் பார்த்துவிட்டேன். இயந்திரத்துக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரிந்ததில்லை. ஆனால் அதை வைத்துக் கடவுள் இல்லை என்று முடிவு கட்டவும் எனக்குத் தைரியம் வரவில்லை. தெரியாது என்று சொன்னால் இருவருமே என்னை மட்டமாகப் பார்ப்பார்கள்.

இருவரும் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து காத்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே இரத்த வகை. பாய் தன் தொழுகையில் இருவருக்காகவும் துவா கேட்பதாக ஒருமுறை சொன்னார். அண்ணன் சிரித்தார்.

“கிடைச்சா அவன் கொடுத்தான்னு சொல்வீங்க. கிடைக்கலைன்னா சோதிக்கிறான்னு சொல்வீங்க. எது நடந்தாலும் நீங்கதான் ஜெயிக்கிறீங்க பாய். இது என்ன கேம் லா?”

“நீங்களும் அதே கேம்தான் தம்பி,” என்றார் பாய். “கிடைச்சா டாக்டர் செஞ்சார்ம்பீங்க. கிடைக்கலைன்னா, பாத்தீங்களா, ஒருத்தனும் இல்லைம்பீங்க. நீங்க எப்ப தோத்திருக்கீங்க?”

நியாயமான கேள்வி என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். அவர்களிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு நாள், பாய் வந்தபோது அண்ணனின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அண்ணனுக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்ட செய்தி காலையிலேயே எங்களுக்கு வந்திருந்தது. நான் சந்தோஷமாக அதைச் சொல்லப் போனேன். பாய் எனக்கு முன்பே சொன்னார். “தெரியும்மா. நானும் அங்கதான் இருந்தேன்.”

ஊசி குத்திக்கொண்டிருக்கும்போதே அவர் சொல்லி முடித்தார். இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் வந்தால் ஒருவரை மட்டும் அழைப்பதில்லை; பொருத்தம் பார்க்கச் சிலரைச் சேர்த்தே ஆஸ்பத்திரிக்கு அழைப்பார்கள். முதல் அழைப்பு பாய்க்குத்தான் வந்திருக்கிறது. இரத்தப் பொருத்தம் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. மனைவியும் மகளும் காத்திருப்புக் கூடத்தில் குர்ஆன் ஓதியபடி உட்கார்ந்திருக்கிறார்கள். சில நாளாகவே அவருக்கு இருமல். எக்ஸ்ரேயில் நுரையீரலில் சளி கட்டியிருப்பது தெரிந்தது. இந்த நிலையில் அறுவை சிகிச்சை செய்தால் உயிர் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவரைச் சக்கர நாற்காலியில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, எதிரே படுக்கையில் அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டையும் நடைக்கூடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தினார்களாம். பாய் அண்ணனின் கையைப் பிடித்து, நல்லபடியாகத் திரும்பி வரும்படி துவா செய்தார்.

“வெளிய துவா,” என்றார் என்னிடம். “உள்ள எரிஞ்சுதும்மா. ரெண்டு பேருக்கும் கேட்டேனே, எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு எரிஞ்சுது.”

அன்று அஸர் நேரத்துக்குக் கைப்பேசி ஒலித்தது. பாய் அதை எடுத்து அணைத்துவிட்டு, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த முறையும் அப்படியே. பிறகு கைப்பேசி ஒலிப்பதே நின்றுபோனது. பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக வந்தவர் எப்போதும் தூங்குகிறவர். அந்த மூலை அவ்வளவு அமைதியாகிவிட்டது. சீனப் பாட்டிகூட என்ன ஆயிற்று என்று சாடையில் கேட்டார். இதற்கிடையில் பாயின் இதயத்தைச் சோதித்த டாக்டர்கள், இனி அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்த முடியாது என்று காத்திருப்போர் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அவர் அதை என்னிடம், அடுத்த வாரம் மழை என்பதுபோலச் சொன்னார்.

அண்ணன் பல மாதங்கள் கழித்து வந்தார். புதிய சிறுநீரகம் உள்ளவர்கள் தொற்றுக்குப் பயந்து நோயாளிகள் இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது. நான் வாசலிலேயே அதைச் சொன்னேன். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண்கள் களைத்திருந்தன. முகம் மருந்தால் ஊதியிருந்தது. கொஞ்ச நேரம்தான் என்று கெஞ்சினார். மேலாளரிடம் கேட்டு, பாயின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். பாயின் இயந்திரத்தில் அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால் நானும் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது.

அவர் வாதம் செய்ய வந்திருப்பார் என்று எனக்குப் பயம். கும்பிட்டவருக்குக் கிடைக்கவில்லை, கும்பிடாதவனுக்குக் கிடைத்தது. இதைவிட நல்ல ஆதாரம் அவருக்கு எங்கே கிடைக்கும்? அவர் அதைச் சொல்லவே இல்லை.

“பாய், அது உங்களுது,” என்றார்.

“யார் சொன்னா? பேர் எழுதியா வந்துச்சு?”

“தூக்கம் வரமாட்டேங்குது. செத்தவர் யாருன்னு சொல்ல மாட்டாங்க, ரூல். அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்க்க முடியாது. டாக்டருக்குச் சொன்னேன், நர்ஸுங்களுக்குச் சொன்னேன். அதெல்லாம் பத்தலை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு யாருக்கு நன்றி சொல்றதுன்னே தெரியலை.”

பாய் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். “நான் அவன்கூடப் பேச்சை நிறுத்தி மாசக்கணக்காச்சு தம்பி. கோபம். ஆனா ஒன்னு, கோபப்பட எனக்கு ஒருத்தன் இருக்கான். உங்களுக்கு நன்றி சொல்லக்கூட ஆள் இல்லையே.”

அதை அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே இரக்கப்பட்டுச் சொன்னார். வழக்கமாக உடனே பதில் வைத்திருக்கும் அண்ணன், அன்று சொற்களைத் தேடித் தேடிப் பேசினார்.

“எனக்கு ஆள் வேணும்தான் பாய். இல்லைன்னு சொல்லலை. ஆனா வேணுங்கறதுக்காக இருக்குன்னு சொல்ல முடியுமா? அப்படிச் சொன்னா அது பொய்தானே?”

பாய் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். “பொய்தான்,” என்றார். “சொல்லாதீங்க.”

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. ஒருவர் மற்றவரை மடக்க நினைக்காமல் பேசி நான் கேட்டது அன்று மட்டும்தான். பிறகு லிஃப்ட் வேலைக்குத் திரும்புவது பற்றி, பாயின் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது பற்றி ஏதேதோ பேசினார்கள். போகும்போது அண்ணன் பாயின் ஊசி இல்லாத கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவரைக் கை கழுவச் சொல்லி வெளியே அனுப்பினேன்.

பாய் மறுபடி தொழ ஆரம்பித்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. ஒரு நாள் கைப்பேசி ஒலித்தது. அவர் கண்ணை மூடினார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்க யாரும் இல்லாததால் நானே குறைத்தேன். ஊசியைக் கழற்றும்போது, ஏதாவது பதில் கிடைத்ததா என்று கேட்டேன். அவருடைய தோலெல்லாம் கறுத்து, கண்கள் குழிந்து போயிருந்த நேரம் அது.

“ஒரு பதிலும் வரலைம்மா. அலுத்துப்போச்சு. கோபமா இருக்கிறதுக்கும் தெம்பு வேணும்ல.”

இதை நம்பிக்கை என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. மேடைகளில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆதாரம் இருக்கிறது என்பார்கள், இல்லை என்பார்கள், ஆதாரத்துக்கு அப்பாற்பட்டது என்பார்கள். அந்த மூன்றில் எதையும் பாய் அன்று சொல்லவில்லை. களைத்துப்போன மனிதர் ஒருவர் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியது போலத்தான் எனக்குத் தோன்றியது. வீட்டில் யாரும் இருந்தார்களா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அவர் திரும்பினார் என்பதை மட்டும் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்குப் பின், ஒரு காலை வேளையில் பாயின் மகள் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். வாப்பா இனி வர மாட்டார் என்றாள். இதயம். விடியலில், குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். நான் நாற்காலியைத் துடைத்தேன். அண்ணனுக்கு நான்தான் தகவல் சொன்னேன். பிறகு சில மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு தேக்காவுக்குப் போனேன்.

பள்ளிவாசலில் கூட்டம் அதிகம். கண்ணாடிக் கடையில் வேலை செய்தவர்கள், பக்கத்துப் பூக்கடைக்காரர்கள், பல வருட வாடிக்கையாளர்கள் என்று பல இனத்தவரும் வந்திருந்தார்கள். நான் பெண்களோடு ஓரமாக நின்றேன். இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு ஆண்கள் வரிசை கட்டினார்கள். முகக்கவசத்தோடு தூண் ஓரமாக நின்ற அண்ணனைப் பார்த்து, பின்வரிசையிலிருந்த ஒருவர் பக்கத்தில் இடம்விட்டு, வாருங்கள் என்று கையசைத்தார். குனிவதும் இல்லை, விழுந்து வணங்குவதும் இல்லை. நின்றபடி தொழும் தொழுகைதான் அது. சும்மா போய் நின்றிருந்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அண்ணன் நெஞ்சில் கை வைத்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே நின்றார். தொழுகை முடியும்வரை அசையவில்லை.

அடக்கத்துக்கு வண்டி புறப்பட்ட பிறகு இருவரும் சிராங்கூன் சாலையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். மதிய வெயில். கால் வலித்தது, மாலை நோயாளிகளுக்கு நான் திரும்பியாக வேண்டும். கூப்பிட்டார்களே, போயிருக்கலாமே என்று கேட்டேன்.

“போயிருந்தா பாய்க்கே பிடிச்சிருக்காது சிஸ்டர். பொய் சொல்லாதேன்னு சொன்னவர்.”

நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதாம், இரத்தச் சோதனையெல்லாம் சரியாக இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெரிய மகிழ்ச்சி இல்லை. மருந்து சாப்பிடும் நேரங்களில், காலையும் மாலையும், பாயிடம் ஏதாவது பேசுவதாகச் சொன்னார். அன்றைக்கு எந்த பிளாக்கில் எந்த லிஃப்ட் நின்றது, வீட்டில் என்ன சமையல் என்று. பாய் உயிரோடு இருந்தபோதே தொடங்கிய பழக்கமாம். நேரில் போக முடியாத மாதங்களில். அன்று காலை செய்தி வந்த பிறகும் பேசினாராம்.

“அவருக்குக் கேக்கும்னு நினைக்கிறீங்களாண்ணே?”

“இல்லை,” என்றார் உடனே. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பிறகு முகக்கவசத்தை ஒரு தடவை சரிசெய்துகொண்டார். “நாளைக்கும் பேசுவேன்.”

என் பஸ் வந்தது. அவருடையது வேறு எண். ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் அங்கேயே, சாலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.