செல்லபாய் சிஸ்டரின் தவறான அறிக்கை

செல்லபாயிடம் பொய் சொல்லிப் பார்க்கலாம், தடையில்லை. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவர் உங்கள் வீட்டுப் பின்பக்கம் போய் நின்றிருப்பார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவர். காய்ச்சல் என்று சொல்லி லீவு கேட்கிறவனையும், காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிறவனையும் மணிக்கட்டைத் தொடாமலே பிரித்துச் சொல்லிவிடுவார் என்று பேர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிறிசு பெரிசு எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான்.

அந்தக் கண்ணுக்காகத்தான் எட்டூர்க் கல்வி அறக்கட்டளைக்காரர்கள் அவரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். பெயரைக் கேட்டுவிட்டுப் பெரிய கட்டடத்தைத் தேட வேண்டாம். கட்டடமே கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எட்டு ஊர்க்காரர்கள், சம்பளக்காரர்களும் வயல்காரர்களும் கல்ஃபில் இருப்பவர்களுமாகச் சேர்ந்து, நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களை நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் வருஷத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு, படிப்பு முடிகிற வரை உதவித்தொகை. பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சு, ஆய்வகச் சாமான், குடிதண்ணீர், கக்கூஸ். தலைவர் கைலாசநாதன், ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். செயலாளர் ஞானையன், பதினெட்டு வருஷம் ரியாத்தில் உழைத்துவிட்டு வந்து ஹார்டுவேர் கடை போட்டிருப்பவர். விண்ணப்பம் வந்த வீடுகளுக்கெல்லாம் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர் செல்லபாய். சம்பளம் கிடையாது. பஸ் டிக்கெட்டுக்குக்கூட அவர் கை நீட்டியதில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தில் விழா மேடை கட்ட மானியம் கேட்டிருந்தார்கள். மாலையும் கையுமாக வாசலில் நின்ற ஹெட்மாஸ்டரைத் தாண்டி, செல்லபாய் நேரே பெண்பிள்ளைகளின் கக்கூசுக்குப் போனார். குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. மேடையில் ஏறி ஆடுவதைப் பிறகு ஆடிக்கொள்ளலாம், முதலில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். தண்ணீர் வந்தது. மேடை இன்னும் வரவில்லை. அதனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் இளைத்துப்போய்விடவுமில்லை.

இன்னொரு மகராசன் சொந்த வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, தொழுவத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓலைப்புரையைக் காட்டி, இதில்தான் குடியிருக்கிறோம் என்றான். அதற்காக மூன்று நாள் சவரம் வேறு செய்யாமல் இருந்திருக்கிறான், பாருங்கள்! செல்லபாய் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே கிணற்றுப் பக்கம் நடந்தார். பூட்டின வீட்டின் பின்சுவரில் ஏசி மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே யாருக்கப்பா வேர்க்கிறது என்று மட்டும் கேட்டார்.

இந்த மாதிரி ஆட்களால்தான் ஒரு விதி வந்தது. செல்லபாய் வேண்டாம் என்று எழுதிய வீடுகளுக்காகப் பெரிய இடங்களிலிருந்து போன் வரத் தொடங்கியது. நம்ம பையன்தான், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று. கையெழுத்தான பட்டியலை அந்த வருஷம் யாருக்காகவும் திறப்பதில்லை என்று தீர்மானம் போடச் சொன்னவர் செல்லபாய். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்று, அதை நிறைவேற்ற வைத்ததும் அவரேதான். அதற்குப் பிறகு போன்கள் நின்றுபோயின.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். செல்லபாய்க்குச் சறுக்கியது தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் ஒரு டைல்ஸ் போட்ட வீட்டில்.

விண்ணப்பம் போட்டிருந்தவள் பிரீனா. பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது மார்க். பார்மசி படிக்க ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. தகப்பன் வேலை என்ற இடத்தில் ‘கல்ஃப்’ என்றும், குடும்ப வருமானம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றும் எழுதியிருந்தாள். செல்லபாய் போய்ப் பார்த்தால் இரண்டு மாடி வீடு, ஸ்டீல் கேட், முன்சுவர் முழுக்க கிரானைட். உள்ளே பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத சோபா. பிரீனாவின் அம்மா எலிசா கண்ணாடித் தட்டில் பிளம் கேக்கும் முந்திரி பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, நல்ல சுகம் என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. பெண் சுவர் ஓரமாக, ஷாலுக்குள் கையைச் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.

வருமானம் இல்லையாம், பிளம் கேக்காம்! செல்லபாய்க்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் எழுதி முடித்துவிட்டார்: ‘வசதியான குடும்பம். உதவி தேவையில்லை.’ அடுத்த வாரம் பட்டியல் கையெழுத்தானது. பிரீனா பெயர் அதில் இல்லை.

மூன்று வாரம் போயிருக்கும். மானியத்தில் குழாய் போட்ட ஒரு தொடக்கப் பள்ளியைப் பார்க்க, செல்லபாய் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினார். அது அண்டி ஆபீஸ் பஸ். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். சோற்றுப் பாத்திரமும் பையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். டிரைவர் ஒரு வளைவில் பிரேக் போட்டபோது, முன்னால் நின்ற பெண் சட்டென்று கம்பியைப் பிடித்தாள். விரல்கள் எல்லாம் கறுத்து, நுனியில் தோல் உரிந்திருந்தது. கொட்டை ஓட்டின் பால் பட்டு வெந்த கை. வருஷத்துக்கு எத்தனையோ கைகளுக்கு மருந்து போட்டவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. கைக்கு மேலே முகத்தைப் பார்த்தார். பிரீனா.

அவளும் பார்த்துவிட்டாள். கையை இழுத்து ஷாலுக்குள் சுற்றிக்கொண்டாள். அன்று சுவர் ஓரமாக நின்றதும் இப்படித்தானே என்று செல்லபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. குழாய் எங்கேயும் ஓடிப்போகாது என்று, அண்டி ஆபீஸ் ஸ்டாப்பிலேயே அவள் பின்னால் இறங்கினார்.

பெண் அழவில்லை. அம்மா இரண்டு வருஷமாக இங்கேதான் வேலை செய்கிறாள், இன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள், நான் பரீட்சை முடிந்ததும் சேர்ந்தேன் என்றாள். ஊர்க்காரர்கள் யாரும் வராத ஆலை; ஊரில் அம்மா தையலுக்கும் இவள் கம்ப்யூட்டர் கிளாசுக்கும் போவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். கல்லூரியில் பணம் கட்ட இருபதாம் தேதிதான் கடைசி, தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அன்றைக்குத் தேதி ஒன்பது. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"சிஸ்டர், நீங்க என்னை இங்க வச்சு கண்டத அம்மைக்கிட்ட சொல்லாதீங்க. அம்மைக்கு தாங்காது."

அதை மட்டும் செல்லபாயால் செய்ய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே அந்த வீட்டுக்குப் போனார். எலிசா கேட்டைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். இந்தத் தடவை கேக் வரவில்லை. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று செல்லபாய் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். கோபம் தன்மேல்தான் என்பது எலிசாவுக்கு எப்படித் தெரியும்?

"வீடு தேடி வாற ஆளுக்க முன்னால இல்ல இல்லண்ணு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல சிஸ்டர்" என்றாள். "அந்த கேக்கு பிள்ளைக்க ரெண்டு நாள் கூலி."

பிறகு எல்லாம் வந்தது. புருஷன் வேலை பார்த்த கம்பெனி மூடி இரண்டு வருஷம். சம்பளமும் வரவில்லை, திரும்பி வரப் பேப்பரும் சரியில்லை. யாரோ நாலு பேர் தங்கியிருக்கிற அறையில் சமைத்துக் கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வீடு நல்ல காலத்தில் கட்டியது. கிரானைட்டைப் பெயர்த்தா தின்ன முடியும்?

அப்படியானால் இதையெல்லாம் கமிட்டியில் சொன்னால் போதும், பெயரைச் சேர்த்துவிடலாம் என்றார் செல்லபாய். எலிசா தலையைப் பலமாக ஆட்டினாள்.

"சொல்லப்பிடாது சிஸ்டர். அவரு நல்லா இருக்காருண்ணாக்கும் ஊரெல்லாம் நெனச்சிட்டிருக்கு. அவருக்கு அங்க மிச்சம் உள்ளது அது ஒண்ணுதான். எனக்க பிள்ள படிக்காட்டாலும் போட்டும், அவருக்க பேரு கெடாண்டாம்."

எத்தனை சொல்லியும் அவள் அசையவில்லை. ஞானையனுக்கு அந்த ஊரில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். கமிட்டியில் சொல்வதும் சந்தையில் சொல்வதும் ஒன்றுதான் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. செல்லபாய் ஒரு வார்த்தை வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தார். காரணத்தைச் சொல்லாமல், தானே போட்ட விதியைத் தானே உடைக்க வேண்டும். பணம் கட்டப் பத்து நாள்கூட இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கைலாசநாதன் வீட்டு மாடியில் கமிட்டி கூடியது. செல்லபாய் ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்றே வரி. பிரீனாவின் வீட்டைப் பற்றி நான் கொடுத்த அறிக்கை தவறு. தவறு என்னுடையது. அவள் முழுத் தகுதி உள்ளவள்.

கைலாசநாதன் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. காரணம் எழுதவில்லையே என்றார். எழுத முடியாது என்றார் செல்லபாய்.

ஞானையன் விடவில்லை. பெரிய பெரிய ஆட்களையெல்லாம் சிஸ்டர் போட்ட விதியைக் காட்டித்தானே திருப்பி அனுப்பினோம், இன்றைக்குச் சிஸ்டருக்கே வேண்டுமென்றால் கதவு திறந்துகொள்ளுமா என்று கேட்டார். பணம் பெரிய காரியமில்லை, கையிருப்பு இருக்கிறது. நாளைக்கு எந்த முகத்தோடு இன்னொருவரிடம் இல்லை என்று சொல்வது? அந்தப் பெண்மேல் அவ்வளவு இரக்கம் இருந்தால் உங்கள் பென்ஷனிலிருந்து கொடுத்துவிடுங்களேன் என்றும் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. அதுதான் செல்லபாய்க்குச் சங்கடம்.

"எனக்க பென்சன் குடுத்தா அது பிச்சை" என்றார். "அது அவளுக்கு உள்ளதாக்கும் ஞானையன். உள்ளத நான் பிச்சையா குடுக்க மாட்டேன். கெஞ்சிட்டு வாறவங்களுக்காக போட்ட விதி அது. இங்க யாரும் கெஞ்சல்ல. ரத்தம் மாறிப்போச்சுண்ணு தெரிஞ்ச பொறவும், எழுதின சீட்டு எழுதினதுதாண்ணு ஏத்திட்டா இருப்போம்? நான் நோயாளிய பாக்காம கட்டிலப் பாத்திட்டு வந்திட்டேன்."

இனித் தன் அறிக்கையில் நம்பிக்கையில்லை என்று தோன்றினால் இந்த வேலையிலிருந்து தன்னை எடுத்துவிடலாம், பிள்ளையின் பெயரை மட்டும் சேர்க்க வேண்டும் என்றார். எடுத்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டேதான் சொன்னார். அந்த வேலை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஞானையன் கோப்பை இழுத்துப் பிரீனாவின் விண்ணப்பத்தை எடுத்தார். அதில் வீட்டின் போட்டோ ஒட்டியிருந்தது. என்னதான் பார்த்தீர்கள், அதையாவது சொல்லுங்கள் என்றார். அதையும் சொல்ல முடியாது என்றார் செல்லபாய். ஞானையன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீல் கேட், கிரானைட், இரண்டு மாடி. அவர் வீடும் அதே மாதிரிதான். பிறகு கைலாசநாதனைப் பார்த்துப் பேசினார்.

"ரியாத்தில எனக்கு பதினாலு மாசம் சம்பளம் இல்லாம இருந்து சார். ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வருசம் கிறிஸ்மசுக்கு எனக்க கெட்டினவ வாசல்ல நட்சத்திரம் கெட்டித் தொங்க விட்டா. அகத்த அடுப்பு எரியல்ல."

பத்து வருஷமாகக் கூடவே இருக்கிற கைலாசநாதனுக்கே அது தெரியாது. ஞானையன் பேனாவை எடுத்து அந்த மூன்று வரிக்குக் கீழே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க வேற ஒண்ணும் சொல்லாண்டாம் சிஸ்டர்" என்றார்.

பதின்மூன்றாவது பெயராகப் பிரீனா ஏறினாள். முடிந்த பிறகு கைலாசநாதன், அந்தத் தாளைக் கோப்பில் வைக்க வேண்டாமே, இத்தனை வருஷத்துப் பேர் எதற்குக் கெட வேண்டும் என்று நல்ல மனதோடு சொன்னார். செல்லபாய் கேட்கவில்லை. தானே துளை போட்டு, தானே நூல் கட்டி வைத்தார். இப்போதும் அது அங்கே இருக்கிறது. எட்டூரில் எத்தனையோ பேர் நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். செய்த தப்பைத் தன் கையால் எழுதி, ஊர்ச் சொத்தாக வைத்தவர் இந்த ஒரு அம்மாள்தான்.

பத்தொன்பதாம் தேதி கல்லூரியில் பணம் கட்டியாயிற்று. அன்று சாயங்காலம் செல்லபாய் அந்த வீட்டுக்குப் போனார். எலிசா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். ரசீதை நீட்டினால் வாங்கவில்லை. எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. செல்லபாயின் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் போலக் கேட்டாள்.

"அங்க என்ன சொன்னீங்க சிஸ்டர்?"

"எனக்கு கண்ணு சரியா தெரியல்லண்ணு சொன்னேன் மக்கா."

எலிசா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக ஒருவர் முன்னாலும் அழாதவள், வாய்விட்டு அழுதாள். செல்லபாய் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுது முடிகிற வரை இருந்தார்.