இலையின் இடது பக்கம்

மகளுக்குச் சம்பந்தம் பேசி, கன்னிவாடியில் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கப் போன அன்றுதான் என் நோய் வெளிப்பட்டது. அது நோய் என்று யாருக்கும் தெரியாமல் போனதுதான் வினை.

என் இலையில் சோறும் அப்பளமும் மட்டும் இருந்தன. வலப்பக்கத்து இலையில் கூட்டு, ஊறுகாய் எல்லாம் இருந்தது. எனக்குக் கோபம் வரக் கேட்கவா வேண்டும்? "எனக்கு மட்டும் வெஞ்சனம் வைக்க மனசில்லையா?" என்றேன்.

"எல்லாம் வச்சிருக்கே!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

கேலி செய்கிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். கை நனைக்கும் பந்தியில் பெண்ணைப் பெற்றவன் பாதியில் எழுந்தால், சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். மகள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, கூட்டு இலையிலதான் இருந்துச்சு, நான் பாத்தேன். வாங்க, கண்ணக் காட்டுவோம்" என்றாள் மனைவி.

திண்டுக்கல்லில் கண் டாக்டர், இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன என்றார். அந்தச் செய்தி கன்னிவாடிக்குப் போனதும், "அப்ப வேணும்னேதான் எந்திரிச்சிருக்காரு" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பிறகு மனைவி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளையின் பின்பக்கம், வலது பகுதியில் பக்கவாதம் (ரத்தக்குழாய் அடைபடுவது). கைகால் விழவில்லை, இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை விழுந்துவிட்டது. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்தப் பக்கம் இருட்டாகத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் இருப்பது இருட்டாகவா தெரிகிறது? அப்படித்தான்.

மாப்பிள்ளையின் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். நலம் விசாரிக்க அல்ல, நிஜம்தானா என்று பார்க்க. டாக்டரம்மா என் இடப்பக்கத்தில் பேனாவை அசைத்தார்.

"தெரியுதா?"

"இல்லம்மா."

"குத்துமதிப்பாச் சொல்லுங்க. மேல போகுதா, கீழ போகுதா?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டார். அத்தனையும் சரியாக இருந்தது.

"தெரியலைங்கிறாரு, அம்புட்டும் சரியாச் சொல்றாரே!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

"கண்ணு பாக்குது. மூளைக்குள்ள வேற வழியாவும் கொஞ்சம் போகுது. ஆனா 'பாக்குறேன்'கிற நினைப்பு வர்றதுக்கு வேண்டிய இடம் அடிபட்டுருச்சு. அதான் அவருக்குத் தெரியல" என்றார் டாக்டரம்மா.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து இடப்பக்கமாக நகர்ந்தார். அத்தோடு என் கண்ணுக்கு அவர் இல்லை. கிளம்பிவிட்டாரோ என்று பதறினேன். அதற்குள் என் இடது கை தானாக நீண்டு எதையோ பிடித்தது. சொரசொரப்பான உள்ளங்கை. அவர்தான் கையை நீட்டியிருக்கிறார்.

"இத நீங்க பாக்கலதானே?"

"இல்லீங்க."

செத்த நேரம் கையை விடாமலே இருந்தார். பிறகு, "நல்லா ஓய்வெடுங்க, சம்பந்தி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்துவிட்டது. பார்வை திரும்பவில்லை, தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். சில நேரம் பஸ் ஸ்டாண்டில் உடம்பு சட்டென்று ஒதுங்கும். இடப்பக்கமாக யாரோ உரசிக்கொண்டு போவார்கள். ஏன் ஒதுங்கினேன் என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரியவரும்.