காற்றை மறித்த வேன்

மண்டபத்தில் பாலம் ஏறிப் பாம்பனில் இறங்க எனக்கு நானூற்று முப்பது மிதி ஆகும். இறக்கத்தில் மிதிக்காமல் விட்டுவிடுவதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வழியில் என்னை எத்தனை வண்டிகள் முந்தின, அவற்றில் எத்தனை ஹாரன் அடித்தன, எத்தனை கார்களில் ஓட்டுபவரைத் தவிர ஆளில்லை என்பதையும் எண்ணிக்கொண்டே போவேன். முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவன் நான். அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரம் எழுதி ஓய்வு பெற்று மண்டபத்தில் கடலோரம் வந்து குடியேறினேன். எண்ணாவிட்டால் எனக்குப் பதற்றம் வரும். எண்ணினாலும் வருகிறது.

போன ஆடியில் ஒரு காலை, மீன் வாங்கப் பாம்பனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தென்காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தது. அந்தக் காற்றில் நிமிர்ந்து ஓட்ட முடியாது. வலப்பக்கம் உடம்பைச் சாய்த்து, காற்றின் மேலேயே சாய்ந்துகொண்டு ஓட்டவேண்டும். பாலத்தின் நடுவில் ஒரு சுற்றுலா வேன் ஹாரன் அடித்துக்கொண்டே என்னை முந்தியது. அடுத்த நொடி நான் சைக்கிளோடு வேன் பக்கமாக விழுந்தேன். வேனின் பின்சக்கரத்துக்கும் என் தலைக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் இருந்தது.

வேன்காரர் நிறுத்தி இறங்கி வந்து, “பெருசு, நீயா வந்து விழுறியே, காலங்காத்தால போட்டுட்டு வந்தியா?” என்றார். நான் வேனின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். என்னை இடித்தார் என்றுதான் நினைத்தேன். எங்கே இடித்தார் என்று பார்த்தால் உடம்பில் இடி பட்ட இடமே இல்லை. முழங்கையிலும் முட்டியிலும் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சைக்கிளைப் பின்கட்டில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். இருபது நிமிடத்தில் மதுரையில் இருக்கும் மகனுக்குச் செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு ஸ்கூட்டர் ஏற்பாடு செய்வதாக அவன் சொன்னான். ஸ்கூட்டர் புகை விடுமே என்றேன். ஒரே ஒரு ஸ்கூட்டரில் எவ்வளவு புகை வந்துவிடும் என்று கேட்டான். பாலத்தில் போகிற ஒவ்வொருவரும் ஒரே ஒரு வண்டியில்தான் போகிறார்கள். விடுமுறை நாளில் பாம்பன் போய் வந்து முகத்தைத் துடைத்தால் என் வெள்ளைத் துண்டில் கறுப்பாக ஐந்து விரலும் பதிகிறது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

இனி சைக்கிளே இல்லை என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் பேருந்தில் பாம்பன் போனேன்.

பாலம் இறங்கும் இடத்தில் மீன் விற்கும் அம்மாளிடம்தான் நான் ஆறு வருடமாக மீன் வாங்குகிறேன். கழுத்தில் சிலுவை தொங்கும். என்னைவிட அதிகமாகப் பேசும். என்ன சார் பஸ்ஸில் வந்து இறங்குகிறீர்கள், சைக்கிளுக்குக் காய்ச்சலா என்று கேட்டது. வேன்காரர் மேல் காவல் நிலையத்தில் புகார் எழுதப் போவதாகச் சொல்லி, நடந்ததை முழுவதும் விவரித்தேன். மீனை அறுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, அந்த அம்மாள் சிரித்தது.

“அவரு ஒங்கள இடிக்கல சார். காத்தத்தான் மறிச்சாரு.”

எனக்குப் புரியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே விளக்கியது. “பாய் வள்ளத்துல போறப்ப, வள்ளம் சாயாம இருக்க, காத்து வர்ற பக்கம் பலகை போட்டு அதுல ஆளு ஏறி நிப்பாக. அந்தப் பக்கம் பெரிய விசைப்படகு ஒண்ணு வந்து காத்த மறிச்சா என்னாகும்? ஆளு நிக்கிற பக்கமே வள்ளம் சரியும். நீங்களும் அப்புடித்தான் சரிஞ்சிருக்கீக. இங்கன சின்னப்புள்ளைக்கும் தெரியும் சார் இது.”

ஆறு வருடமாகப் பாலத்தில் எல்லாவற்றையும் எண்ணியவன், காற்றை எண்ணவே இல்லை. கடல் தெரியாத ஊரில் பிறந்தவனுக்குத்தான் இந்தத் தவறு வரும். வண்டி மறிக்கும் நொடியில் நான் நிமிர்ந்துவிட்டால் போதும், விழமாட்டேன். வண்டி கடந்ததும் மறுபடி சாயவேண்டும். இந்த ஊர்ப் பேருந்து ஓட்டுநர்கள் ஆடிக் காற்றில் என்னை முந்தாமல், ஹாரனும் அடிக்காமல், பின்னாலேயே மெதுவாக ஏறி வருவது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவர்களைச் சோம்பேறிகள் என்று அல்லவா குறித்து வைத்திருந்தேன்! புகாரைக் கைவிட்டேன்.

ஞாயிறன்று மகன் காரில் வந்து இறங்கியதும் காற்று விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. ஒரே ஒரு தடவை பாலத்தைக் கடக்கிறேன், நீ அம்மாவை ஏற்றிக்கொண்டு பின்னால் வா, நான் ஒருமுறை தடுமாறினாலும் சைக்கிளை நீயே எடுத்துப் போ என்றேன். மனைவி சாவியை எடுத்து வந்து கொடுத்தாள்.

பாலத்தில் ஏறியதும் காற்று வந்து தோளில் மோதியது. எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று பிரிக்கத் தெரியவில்லை. சாய்ந்தேன். முதல் லாரி என் பக்கத்தில் வந்தது. அதன் முகப்பு என் தோளுக்கு நேராக வந்ததும் நிமிர்ந்தேன். காற்று சட்டென்று நின்றது, கதவைச் சாத்தியது போல. சைக்கிள் நேராகவே போனது. லாரி கடந்தது, காற்று திரும்ப வந்தது, சாய்ந்தேன். எழுபத்திரண்டு வயதில் எனக்குக் கூவவேண்டும் போல இருந்தது. அடுத்தது ஒரு வேன், பிறகு இரண்டு கார்கள், ஒரு வெளியூர்ப் பேருந்து. ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்தேன், ஒவ்வொன்றுக்கும் பிறகு சாய்ந்தேன். பதினோரு வண்டி, தடுமாற்றம் ஒன்றுகூட இல்லை. மிதியை எண்ண மறந்துபோனேன்.

பாம்பனில் இறங்கி மீன்கார அம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மகன் காரை ஓரம் கட்டிவிட்டு வந்தான். முகம் வெளிறியிருந்தது. அவன் என்னை முந்தாமல் மெதுவாக வந்ததற்குப் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்துவிட்டார்களாம். “நம்ம வண்டி முந்துனா நீங்க விழுந்துருவீகளோன்னு முந்தவே மனசு வரலய்யா” என்றான். மதுரையில் சைக்கிளில் போகிறவர்களை இதுவரை எப்படி முந்தினான் என்று நான் கேட்கவில்லை. அவனே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான் போலிருந்தது.

ஸ்கூட்டர் வேண்டாம் என்று மனைவிதான் முதலில் சொன்னாள். சைக்கிளின் வலப்பக்கம் பின்னால் பார்க்கும் கண்ணாடி ஒன்று மாட்டவேண்டும், மாட்டும் வரை உருட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்றாள். திரும்பும்போது காற்று இடப்பக்கம், முந்துகிற வண்டி எதுவும் அதை மறிக்க முடியாது, ஓட்டியே வரலாம் என்று நான் வாதாடினேன்.

மீன்கார அம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னது: “ஓரமா நிக்கிற காரு மறிக்கும்ல சார். பக்கத்துப் பாலத்துல போற ரயில படம் புடிக்க வருசையா நிப்பாட்டி வச்சிருக்காகள்ல. அவுக வீசுற பாட்டிலுதான் எங்க வலையில மீனுக்கு முந்தி ஏறுது.”

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நிற்கும் கார் வந்தால் இறங்கி உருட்டவேண்டும், தாண்டியதும் ஏறிக்கொள்ளலாம். மகன் கார் முன்னால் போனது.

ஒன்பது இடத்தில் இறங்கினேன். ஒன்பதிலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கடல்காற்று வாங்க வந்தவர்கள் அதில் புகை கலந்துகொண்டிருந்தார்கள். உருட்டிக்கொண்டு போகிற கிழவனுக்கு ஒரு வசதி, கார்க் கண்ணாடியைத் தட்டலாம். ஒவ்வொரு காரிலும் தட்டி, எஞ்சினை அணையுங்கள், பாட்டிலைக் கடலில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். ஆறு பேர் அணைத்தார்கள். இரண்டு பேர் கண்ணாடியை இறக்கவே இல்லை. ஒருவர் என் சைக்கிளோடு என்னை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அணைத்தாரா என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள், காரைத் தாண்டிவிட்ட என்னைக் காற்று நிமிரவிடாமல் தள்ளத் தொடங்கிவிட்டது.