பரங்கிக் கொழுந்து

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

மழை முடியப்போகும் சமயம். தின்கன்ஜூனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பரங்கிக் கொடி படர ஆரம்பித்திருந்தது. பொங்கலுக்குக் காய் பறித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அக்காவைப் பார்க்க மூன்று நாள் ஷ்வேப்யிதாவுக்குப் போனபோது, தண்ணீர் ஊற்றும்படி பக்கத்து வீட்டுப் பர்மாக்காரம்மா டோ மியாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு கொடியிலும் நுனி இல்லை. அவர் அடுப்பிலோ பரங்கிக் கொழுந்து சூப் கொதிக்கிறது.

தெருவில் நின்று கத்தினேன். "தண்ணி ஊத்தச் சொன்னா கொடிய மொட்டையடிச்சுத் தின்னுட்டீங்களே! திருட்டுப் பொழப்பு!"

"தங்கச்சி, நுனி கிள்ளினா கிளை வரும், காய் நெறைய வரும்," என்றார் டோ மியா தனக்குத் தெரிந்த தமிழில். "உனக்கும் ஒரு கிண்ணம் வச்சிருக்கேன்."

"யாருக்கு வேணும் உங்க கிண்ணம்?"

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

கிள்ளிய இடமெல்லாம் கிளை விட்டது. பொங்கலுக்குப் பதினொரு காய். இரண்டைத் தூக்கிக்கொண்டு போய், அவர் அடுப்படியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தார்.

போன வாரம் டீக்கடையில் எதிர்வீட்டுக்காரி, "டோ மியா வர்றாங்க, கூடைய மூடுங்கடி!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டோ மியா தலையைக் குனிந்துகொண்டு போனார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

திட்டியது தெருவில். மன்னிப்புக் கேட்டது அடுப்படியில். அதை எந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்னும் கேட்கவில்லை.