இளநீர் வண்டி வரைக்கும்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. முசரவாக்கம் பக்கத்திலிருந்து வரும் மரம் வெட்டுகிறவர். புருவத்தில் எப்போதும் மரத்தூள் ஒட்டியிருக்கும். செவிலிமேட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடையில்தான் மரம் அறுக்கும் மெஷின் வாங்குவார். விலை படியாவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு எதிரிலிருக்கும் இளநீர் வண்டி வரை போய், முதுகைக் காட்டி நிற்பார். "அண்ணே வா, பேசிக்கலாம்" என்று கடைக்காரர் கூப்பிட்டதும் திரும்புவார். ஒவ்வொரு முறையும் இதே கூத்தா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் தோப்பில் அவர் மெஷின் நின்றுபோனால், அதே கடைக்காரர் ஸ்பேனரோடு ஓடுவார்.

கடைசியாக அவர் வந்த அன்று, அவர் கேட்ட விலைக்கே கடைக்காரர் உடனே சரி என்றார். மரம் வெட்டுகிறவரின் முகம் மாறிவிட்டது.

"இன்னாபா, ஒரு வார்த்தை பேசாம குடுக்கிற? மெஷின்ல எதனா கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குதுண்ணே. கடையத்தான் மூடறேன். எல்லாரும் போன்லயே வாங்கிக்கிறாங்க."

"பாதி மரத்துல மெஷின் நின்னா நான் யாரைப்பா கூப்பிடறது?"

கடைக்காரர் மெஷின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"அப்ப வேணாம்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். வழக்கம்போல் இளநீர் வண்டி வரை போய், முதுகைக் காட்டி நின்றார்.

கடைக்காரர் மெஷினைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். கூப்பிடவில்லை. நானாவது கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டு என்ன சொல்வது?

வெயில் ஏறியதும் இளநீர்க்காரர் வண்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவர் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.