பத்திரிகையின் கைரேகை

யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸுக்குள்ளேயே ஹாஷ் ஃபங்ஷன்களை எழுதிச் சேர்த்துவிட்ட மமதையில் இருந்தேன். எந்த வாசகத்தைக் கொடுத்தாலும் டேட்டாபேஸ் அதற்கென்று எண்ணும் எழுத்தும் கலந்து அறுபத்து நான்கு குறிகளில் ஒரு கைரேகை தரும். வாசகத்தில் ஒரு கமா மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகையை நான் முடித்து அனுப்பும்போதெல்லாம், சித்தப்பாமார்கள் எனக்குத் தெரியாமல் அச்சகத்துக்குப் போன் போட்டுத் தங்கள் பட்டம் பதவிகளைச் சேர்த்துவிடுவார்கள். எரிச்சல் தாங்காமல் கடைசி வாசகத்தை டேட்டாபேஸில் கொடுத்து, வந்த கைரேகையை அதன் அடியிலேயே ஒட்டி, சாலைக் கடைத்தெரு அச்சகத்துக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். இனி யார் கை வைத்தாலும் மாட்டிக்கொள்வார்கள் என்று கணக்கு. "ஒரு எழுத்து மாறக் கூடாது" என்று போனில் கத்தவும் செய்தேன்.

மாறவில்லை. எங்கள் குடும்பப் பெயர்களுக்குக் கீழே, பொன் எழுத்தில், கைரேகையும் அச்சாகி வந்தது.

"அதை மட்டும் ரெண்டு வாட்டி ஒத்துப் பாத்தேன் சார், ஒரு பிழை இல்ல கேட்டோ" என்றார் அச்சகக்காரர், மலையாளம் கலந்த தமிழில்.

முகூர்த்தத்தன்று ஒரு மாமி போனும் பத்திரிகையுமாக என்னிடம் வந்தார். "வைஃபை பாஸ்வேர்டைப் பத்திரிகையிலேயே போட்டுட்டே, சமர்த்துடா. ஆனா ஒண்ணு விடாம அடிச்சும் தப்புங்கறதே?"

தப்புதான் மாமி. அச்சில் அது ஏறியதுமே பத்திரிகை மாறிவிட்டது. அந்தக் கைரேகை பொருந்தக்கூடிய ஒரே பத்திரிகை, அது இல்லாத பத்திரிகைதான்.