பச்சை டப்பா மெழுகு

சமஸ்தான காலத்தில் வாங்கிய கறுப்புக் காருக்குப் பச்சை டப்பா மெழுகைத்தான் போட்டு மெருகேற்ற வேண்டும் என்பது மிராசுதார் ஆத்மநாதனின் பிடிவாதம். அந்த மெழுகு வருவது நின்று வருடங்களாயிற்று. அதெல்லாம் அவருக்கு உறைக்குமா?

டிரைவர் சந்தியாகுவுக்குக் கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் வேலை காத்திருந்தது. "அந்த மெழுகைக் கொண்டாந்து குடுத்துட்டு எங்கிட்டு வேணாலும் போடா" என்றார் மிராசுதார். சந்தியாகுவின் லைசென்ஸ் அவர் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

திருச்சி, மதுரை, காரைக்குடி என்று கடை கடையாக ஏறி இறங்கினான். அந்தக் கம்பெனியையே மூடிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்கள்.

கடைசியில் ஆவூர் மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கெஞ்சி வாங்கி, உருக்கி, டர்ப்பன்டைன் கலந்து, பழைய பச்சை டப்பாவில் ஊற்றினான். ஆறியதும் காரில் தேய்த்தான்.

மிராசுதார் பானெட்டில் தன் மீசையைப் பார்த்துப் பூரித்துப்போனார். "இதேதாண்டா! எங்க பிடிச்ச?"

"திருச்சியில, ஒரு சந்துக்குள்ளங்க." வேறு யாரையாவது அனுப்பிவிடுவாரோ என்ற பயத்தில் இன்னொரு பொய்யையும் சேர்த்தான்: "வேற ஆளு போனா குடுக்க மாட்டாங்கய்யா." பிறகு கையை நீட்டினான். "லைசென்ஸைக் குடுங்கய்யா, நான் வாரேன்."

"கூறு இருக்காடா ஒனக்கு? நீ போயிட்டா எனக்கு இந்த மெழுகை யாரு கொண்டாருவா?" என்றபடி மிராசுதார் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.